முடக்குவாதம் ஏன் பொம்பளைங்களுக்கே அதிகமா வருது? புரியுற மாதிரி யாராச்சும் சொல்லுங்களேன்

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். எந்தப் பகுதில போடறதுன்னு தெரியாம இங்க போடறேன், இடம் மாறியிருந்தா மாடரேட்டர் மாத்திடுங்க ப்ளீஸ்.

எங்கம்மாவுக்கு பீரியட்ஸ் நின்னு கொஞ்ச காலத்துல முடக்குவாதம் வந்துச்சு, ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமா ஆர்ஏன்னு சொல்றாங்களே அது. பெரியம்மாவுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, அவங்க கை விரல் எல்லாம் சுண்டு விரல் பக்கமா சாஞ்சே போச்சு. இப்ப அக்காவுக்கு. ரெண்டாவது குழந்தை பொறந்து சில மாசம்தான் ஆகுது, காலைல எழுந்தா கைய மூட முடியல, மணிக்கட்டு ரெண்டும் வீங்கி இருக்கு. ஆனா மாமா ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காங்க, ஒரு வலி கிடையாது. அப்ப இது அம்மா வழியா பொண்ணுங்களுக்கு மட்டும் இறங்குற வியாதியா?

டாக்டர்கிட்ட கேட்டா "லேடீஸுக்குதான்மா ஜாஸ்தி வரும்"ங்கறார், ஏன்னு கேட்டா அடுத்த பேஷன்ட்ட கூப்பிடறார். அக்காவோட மாமியார் என்னடான்னா எப்பவும் தண்ணில கைய வெச்சு பாத்திரம் தேச்சா வராம என்ன பண்ணும்ங்கறாங்க. நெட்ல தேடினா ஹார்மோன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. ஹார்மோன்னா என்ன ஹார்மோன், அது என்ன பண்ணுது? அப்புறம் எனக்கும் வருமாங்கற பயமும் இருக்கு, மறைக்க என்ன இருக்கு.

---

ஸ்ட்ரெஸ்ஃப்ரீ:

எல்லாம் ஸ்ட்ரெஸ்தாங்க. பொம்பளைங்க எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கறாங்க, அதான் மூட்டுல இறங்குது.

---

ராத்திரி ட்யூட்டி:

நான் மெடிசின் முடிச்சுட்டு இப்ப ரூமட்டாலஜில, அதாவது மூட்டு வாத வியாதிகள பாக்கற பிரிவுல இருக்கேன். ட்யூட்டிக்கு நடுவுல டைப் பண்றேன், கோர்வையா இல்லன்னா கண்டுக்காதீங்க.

முதல்ல அந்தப் பாத்திரம் தேய்க்கற கதைய முடிச்சிடறேன். அக்கா கைய ஒருதடவ பாருங்க. வேலை செஞ்சு வர்ற வலின்னா அதிகமா பொழங்குற கைலதானே அதிகமா இருக்கணும், முடக்குவாதத்துல பெரும்பாலும் ரெண்டு கையும் ஜோடியா வீங்கும். அதுவும் எந்த மூட்டுன்னு பாருங்க, விரல் உள்ளங்கையோட சேர்ற முட்டி, விரலோட நடு கணு, மணிக்கட்டு, கால்ல விரல் ஆரம்பிக்கிற இடம். நகத்துக்குப் பக்கத்துல இருக்குற கடைசி கணுவ இது பொதுவா தொடாது. அங்க கட்டி கட்டியா தடிச்சா அது பெரும்பாலும் தேய்மானம், வேற வியாதி. முடக்குவாதத்துல நடக்குறது என்னன்னா மூட்டுக்கு உள்பக்கம் இருக்குற மெல்லிய சவ்வ நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தாக்குது, சவ்வு தடிச்சு, நீர் கோத்து, கவனிக்காம விட்டா பக்கத்துல இருக்குற குருத்தெலும்பையும் எலும்பையும் அரிச்சிடும். பெரியம்மா விரல் சாஞ்சதுக்கு அதான் காரணம். தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிக்கோங்க.

இப்ப உங்க கேள்வி. உலக அளவுல 100 பேர எடுத்தா அரைலேர்ந்து ஒருத்தருக்கு இந்த வியாதி இருக்கும், அதுல ஆம்பளைங்கள விட பொம்பளைங்க 2லேர்ந்து 3 மடங்கு. ஆனா இந்த வித்தியாசம் எல்லா வயசுலயும் ஒரே மாதிரி இல்ல, இதத்தான் யாரும் சொல்றதில்ல. குழந்தை பெத்துக்கற வயசுல இடைவெளி பெருசா இருக்கும், 60 65 தாண்டினா குறைஞ்சுகிட்டே வரும், ஏன்னா ஆம்பளைங்களுக்கு வர்றது கொஞ்சம் லேட்டா வருது. அப்ப பொண்ணா பொறந்ததோட நிக்காம அவங்க உடம்புல எந்த நேரத்துல என்ன மாறுதுங்கறதுலயும் பதில் இருக்கு. உங்க வீட்டையே பாருங்க, அம்மாவுக்கு மெனோபாஸ ஒட்டி, அக்காவுக்கு பிரசவத்த ஒட்டி. பாடப்புத்தகம் மாதிரி இருக்கு.

பரம்பரை விஷயம். இதுல முக்கியமான ஜீன் எச்எல்ஏ-டிஆர்பி1ன்னு ஒண்ணு, எது நம்மது எது அன்னியம்னு எதிர்ப்பு சக்திக்கு காட்டிக் குடுக்கற எச்எல்ஏ குடும்பத்து ஜீன், அது 6வது குரோமோசோம்ல இருக்கு. அது ஆண் பெண் ரெண்டு பேருக்கும் சமமா போகும், அப்பாகிட்டேர்ந்தும் வரலாம் அம்மாகிட்டேர்ந்தும் வரலாம். மாமாங்க கிட்டயும் அதே ஜீன் இருக்கலாம், வியாதிதான் வெளிய வரல. ஒரே கருமுட்டைல பொறந்த ரெட்டையர்ல ஒருத்தருக்கு முடக்குவாதம் இருந்தா இன்னொருத்தருக்கும் இருக்கறது நூத்துக்கு சுமார் 15 ஜோடிலதான். அச்சு அசலா அதே ஜீன் இருந்தும் மிச்ச 85 பேருக்கு வரல, அதனால ஜீன் மட்டும் போதாது.

அப்ப பொண்ணுங்க கிட்ட கூடுதலா என்ன இருக்கு? முதல் விஷயம் எக்ஸ் குரோமோசோம். பொண்ணுங்களுக்கு ரெண்டு எக்ஸ், ஆம்பளைக்கு ஒண்ணு. நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட ஜீன்கள் நெறைய எக்ஸ்லதான் உக்காந்திருக்கு, டிஎல்ஆர்7, சிடி40 லிகண்ட் மாதிரி. ரெண்டு எக்ஸும் ஒரே நேரத்துல வேலை செஞ்சா டோஸ் டபுள் ஆயிடும்ங்கறதால ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸ பூட்டி வெச்சிடும், ஆனா பூட்டு முழுசா விழறதில்ல, சில ஜீன்கள் தப்பிச்சு வேலை செஞ்சுகிட்டே இருக்கும். அந்தப் பூட்டப் போடற எக்ஸிஸ்ட்ங்கற ஆர்என்ஏவும் அத சுத்தி ஒட்டியிருக்குற புரதங்களுமே ஆட்டோஇம்யூன் வியாதிய, அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியே நம்மள தாக்கற வியாதிய, தூண்டலாம்னு 2024ல ஸ்டான்ஃபோர்ட் குரூப் எலில காமிச்சாங்க. அது லூபஸ் (தோல், மூட்டு, கிட்னின்னு பல உறுப்ப தாக்கற இன்னொரு ஆட்டோஇம்யூன் வியாதி) மாதிரி வியாதிக்கான எலி மாடல், முடக்குவாதத்துக்கு நேரடி ஆதாரமா எடுத்துக்கக் கூடாது, ஆனா திசை முக்கியம். எக்ஸ்எக்ஸ்ஒய்னு கூடுதலா ஒரு எக்ஸோட பொறக்கற ஆம்பளைங்களுக்கு லூபஸ் வர்ற வாய்ப்பு மத்த ஆம்பளைங்கள விட பல மடங்கு ஜாஸ்திங்கறதும் இதே பக்கம்தான் கை காட்டுது.

பொதுவாவே பொண்ணுங்க இம்யூன் சிஸ்டம் கொஞ்சம் சூடானது. அதே தடுப்பூசி போட்டாலும் அவங்களுக்கு ஆன்டிபாடி அதிகமா வரும், நெறைய தொற்று நோய அவங்க நல்லாவே சமாளிக்கறாங்க. திருட்டுப் பயல நல்லா புடிக்கற நாய் சில நேரம் வீட்டு ஆளையும் கடிச்சிடற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

ஹார்மோன் பத்தி தனியா எழுதறேன், கூப்பிடறாங்க.

---

ராத்திரி ட்யூட்டி:

வந்துட்டேன். ஹார்மோன். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி.

மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹெஞ்ச்னு ஒரு டாக்டர் இருந்தார். முடக்குவாதம் இருக்குற பொண்ணுங்க கர்ப்பமானா வலியும் வீக்கமும் தன்னால குறையுது, பிரசவம் ஆனதும் திரும்ப வந்துடுதுன்னு கவனிச்சு 1938ல எழுதினார். மஞ்சக்காமாலை வந்தவங்களுக்கும் இதே மாதிரி குறையறத அவர் அதுக்கு முன்னாடியே பாத்திருந்தார். அப்ப உடம்புலயே இத அடக்குற ஏதோ ஒரு பொருள் சுரக்குதுன்னு தேட ஆரம்பிச்சு, கெண்டால்ங்கற கெமிஸ்ட்டோட சேந்து 1948ல ஒரு முடக்குவாத நோயாளிக்கு, அவங்களும் பெண்தான், கார்ட்டிசோன் ஊசி போட்டாங்க. எழுந்து நடக்க முடியாம இருந்தவங்க சில நாள்ல நடந்தாங்க. 1950ல நோபல் பரிசு. இன்னிக்கு ஸ்டீராய்டுன்னு ஊரே பேசுதே, அதுக்கான ஆரம்பப் பொறி கர்ப்பிணிங்களோட மூட்டக் கூர்ந்து பாத்ததுலயும் இருக்கு.

குழந்தை பாதி அப்பாவோடது, அம்மா உடம்புக்கு அது பாதி அன்னியம். அத தாக்காம இருக்க கர்ப்ப காலத்துல இம்யூன் சிஸ்டம் தன்னையே மாத்தி அமைச்சுக்குது. 1993ல வந்த ஒரு ஆய்வுல, அம்மாவுக்கும் குழந்தைக்கும் எச்எல்ஏ டைப் எவ்ளோ வித்தியாசமா இருக்கோ அந்தளவு முடக்குவாதம் கர்ப்பத்துல அடங்கற வாய்ப்பு அதிகம்னு பாத்தாங்க. கூடவே ஈஸ்ட்ரோஜன், ப்ரோஜெஸ்டிரோன், கார்ட்டிசால் எல்லாம் உச்சத்துல இருக்கும். குழந்தை பொறந்ததும் இது அத்தனையும் மளமளன்னு இறங்கிடும், பால் குடுக்கறவங்களுக்கு பால் சுரக்கற ப்ரோலாக்டின் மட்டும் தூக்கலாவே இருக்கும், அது இம்யூன் சிஸ்டத்த கிளப்பி விடற ஹார்மோன். பிரசவத்துக்கு அப்புறம் முதல் வருஷத்துல முடக்குவாதம் புதுசா தலைகாட்டறதுக்கு இதான் காரணமா இருக்கலாம்னு நினைக்கறாங்க.

ஈஸ்ட்ரோஜன் கெட்டதா நல்லதான்னு கேட்டா நேரான பதில் கிடையாது. அது ஆன்டிபாடி பண்ற பி செல்ல தூண்டும், ஆனா கர்ப்பத்துல இருக்குற மாதிரி அதிக அளவுல அழற்சிய அடக்கும். மெனோபாஸ்ல அது விழும்போது இந்த வியாதி வர்றது கூடுது, 45 வயசுக்குள்ள மெனோபாஸ் ஆனவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுது. சரி அப்ப ஈஸ்ட்ரோஜன் மாத்திரை குடுத்துட்டா போச்சேன்னு தோணும், பெரிய அளவுல ஹார்மோன் குடுத்து நடத்தின சோதனைல அப்படி தெளிவான பலன் வரல. அதனால அளவு எவ்ளோங்கறத விட அந்த ஏத்த இறக்கத்தத்தான் நான் பெருசா நினைக்கறேன், இது என் கருத்து. ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பொதுவா அழற்சிய அடக்கற பக்கம், அது வயசோட மெதுவா இறங்குமே தவிர ஒரேடியா விழாது. அவங்களுக்கு லேட்டா வர்றதோட இது நல்லா பொருந்துது.

ஸ்ட்ரெஸ் சகோ, ஸ்ட்ரெஸ் இருக்கறவங்களுக்கு வலி கூடும், அது வாஸ்தவம். ஆனா மனசுல வெச்சுகிட்டதாலதான் எலும்பு அரிச்சுதுன்னு சொல்றது, வந்தவங்க மேலயே பழி போடற மாதிரி ஆயிடும்.

---

அரைத்தூக்கம்:

அக்கா கதைய படிச்சதும் என் கதைதான் ஞாபகம் வந்துச்சு சிஸ். எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே ஆர்ஏ இருந்துச்சு. கர்ப்பமா இருந்தப்ப நாலாவது அஞ்சாவது மாசம் போல வலி சுத்தமா காணாமப் போச்சு, வியாதியே போயிடுச்சுன்னு நம்பி எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டு திரிஞ்சேன். பையன் பொறந்ததும் ரெண்டு மாசத்துக்குள்ள வட்டியோட திரும்பி வந்துச்சு. குழந்தை சட்டைல டிச் பட்டன் இருக்கும்ல, அத அமுக்க கட்டைவிரல்ல பலம் இருக்காது, படுக்கைல அவன படுக்க வெச்சு உள்ளங்கையால அமுக்கி அமுக்கி போடுவேன். பாட்டில் மூடிய முழங்கால் நடுவுல வெச்சு முழங்கையால திருகுவேன். காலைல முதல் பால் குடுக்கறதுக்குள்ள விரல் மடங்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் அவனத் தூக்கிக் குடுக்க யாராச்சும் வேணும்.

சொன்னா நம்பினாங்களா? பிரசவ உடம்பு அப்படித்தான் இருக்கும், தூக்கம் இல்ல அதான், குழந்தைய தூக்கித் தூக்கி மணிக்கட்டு சுளுக்கியிருக்கும், இப்படியே. எனக்காவது ஏற்கனவே வியாதி பேர் தெரியும், புதுசா வர்றவங்க இந்தப் பேச்சுலயே மாசக் கணக்கா ஓட்டிடறாங்க. குழந்தைய தூக்கறதால வர்ற கட்டைவிரல் பக்க வலி நெஜமாவே உண்டுதான், ஆனா அது காலைல ரெண்டு கையும் கல்லாட்டம் இறுகிப் போற மாதிரி இருக்காது.

அக்கா பால் குடுக்கறாங்கன்னா டாக்டர்கிட்ட அத முதல்லயே சொல்லச் சொல்லுங்க. மெத்தோட்ரெக்ஸேட்னு இதுக்கு வழக்கமா குடுக்கற மருந்து பால் குடுக்கும்போது ஆகாது, கர்ப்பத்துலயும் கூடவே கூடாது, அடுத்த குழந்தை ப்ளான் இருந்தா அதுக்கு ஒண்ணுலேர்ந்து மூணு மாசம் முன்னாடியே நிறுத்தணும். எனக்கு ஹைட்ராக்ஸிக்ளோரோக்வினும் கம்மி டோஸ் ஸ்டீராய்டும் குடுத்தாங்க, பால் நிறுத்தவே இல்ல. மருந்தா பாலான்னு ஒண்ண தேர்ந்தெடுக்கணும்னு யாராச்சும் பயமுறுத்தினா நம்பாதீங்க, பால் குடுத்துகிட்டே சாப்பிடற மருந்து இருக்கு.

---

பழைய சைக்கிள்:

மூணுக்கு ஒண்ணுன்னு சொல்றீங்களே, அந்த ஒண்ணு நான்தான் 🙋

எனக்கு கை முட்டி வீங்கினப்ப ஒரு டாக்டர் யூரிக் ஆசிட்தான்னு முடிவே பண்ணி அதுக்கு மாத்திரை குடுத்துகிட்டே இருந்தார். ஆர்ஏவா இருக்குமோன்னு நானே நெட்ல படிச்சுட்டு போய் கேட்டேன், "சார் அது லேடீஸுக்கு வர்றது"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுலயே இருக்கு. கடைசில ஆர்ஏவுக்கான ஆன்டி சிசிபிங்கற ரத்த டெஸ்ட்ல எகிறி அடிச்சிருந்துச்சு. அதுக்குள்ள எக்ஸ்ரேல அரிப்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

அதனால பொண்ணுங்களுக்கு ஜாஸ்திங்கறத சொல்றப்பல்லாம் ஆம்பளைக்கும் வரும்னு சேத்து சொல்லுங்கப்பா. இன்னொண்ணு, நான் சிகரெட் பிடிப்பேன். பிடிச்சேன். டாக்டர் நண்பர் அதப் பத்தி எழுதலையே?

---

சந்தேகப்பிராணி:

எனக்கு ஒரு டவுட்டு. பொம்பளைங்க டாக்டர்கிட்ட அதிகமா போறாங்க, ஆம்பளைங்க வலிச்சாலும் போக மாட்டாங்க. அதனால கணக்குல பொம்பளைங்க ஜாஸ்தியா தெரியறாங்களோ என்னவோ? இந்த எக்ஸ் ஒய் எல்லாம் அப்புறமா ஒட்ட வெச்ச விளக்கமா இருக்கலாம்ல.

---

ராத்திரி ட்யூட்டி:

சந்தேகப்பிராணி, நல்ல கேள்விதான். ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள மட்டும் எண்ணாம வீடு வீடா போய் எடுத்த சர்வேலயும் பொண்ணுங்கதான் ஜாஸ்தி. அதோட, ஆஸ்பத்திரிக்கு போற பழக்கம்தான் காரணம்னா எல்லா மூட்டு வியாதியும் பொண்ணுங்களுக்குதானே ஜாஸ்தி தெரியணும்? யூரிக் ஆசிட் மூட்டுல படியறதால வர்ற கவுட் ஆம்பளைங்களுக்குதான் அதிகம், ஏன்னா ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்ட கிட்னி வழியா வெளியேத்த உதவுது, மெனோபாஸுக்கு முன்னாடி பொண்ணுங்களுக்கு கவுட் ரொம்ப அபூர்வம். முதுகெலும்பு இறுகற ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் ஆம்பளைங்க கிட்டதான் அதிகம் கண்டுபிடிக்கறாங்க. லூபஸ்ல என்னடான்னா பத்துல ஒம்பது பேர் பொண்ணுங்க. ஒவ்வொரு வியாதிக்கும் விகிதம் ஒவ்வொரு மாதிரி இருக்கு பாருங்க.

ஆனா உங்க சந்தேகத்துல ஒரு உண்மையும் ஒளிஞ்சிருக்கு, அது வியாதியோட தீவிரத்த அளக்கறதுல. நாங்க டிஏஎஸ்28ன்னு ஒரு ஸ்கோர் போடுவோம், 28 மூட்டுல எத்தன வலிக்குது, எத்தன வீங்கியிருக்கு, அழற்சிய காட்டற ஈஎஸ்ஆர்ங்கற ரத்த டெஸ்ட் எவ்ளோ, பேஷன்ட் தனக்கு எப்படி இருக்குன்னு எவ்ளோ மார்க் போடறாங்க. ஈஎஸ்ஆர் பொண்ணுங்களுக்கு இயல்பாவே கொஞ்சம் தூக்கலா இருக்கும். 50 வயசு ஆம்பளைக்கு 25 வரைக்கும் நார்மல்னா அதே வயசு பொண்ணுக்கு 30 வரைக்கும் நார்மல். ஸ்கோர் அத பாக்கறதில்ல. அதனால மூட்டு ஒரே மாதிரி இருந்தாலும் பொண்ணுக்கு மார்க் கூட வரலாம், வியாதி அடங்கிடுச்சுங்கற கோட்டுக்குள்ள வர்றதும் அவங்களுக்கு கஷ்டமாகுது. பாதத்து மூட்ட அந்த 28ல எண்ணவே மாட்டாங்கங்கறது வேற கதை.

சைக்கிள் சார், சிகரெட். நீங்க கேட்டது சரி, முதல்லயே எழுதியிருக்கணும்னு சொல்லலாம், இடம் இல்ல. ஜீனுக்கு வெளிய இருக்குற காரணங்கள்ல ரொம்ப உறுதியா நிரூபிச்சது புகைதான். நுரையீரல்ல இருக்குற புரதங்கள் புகையால சிட்ருலினேஷன்னு ஒரு மாத்தத்துக்கு ஆளாகுது, அந்த எச்எல்ஏ ஜீன் இருக்கறவங்க உடம்பு அத அன்னியம்னு நினைச்சு ஆன்டிபாடி பண்ணுது. அந்த ஆன்டிபாடியத்தான் நீங்க பண்ணின ஆன்டி சிசிபி டெஸ்ட்ல பாக்கறோம். மூட்டு வலிக்கறதுக்கு பல வருஷம் முன்னாடியே அது ரத்தத்துல வந்துடும். புகைக்கற ஆம்பளைங்களுக்கு முடக்குவாத ரிஸ்க் ஏறக்குறைய ரெட்டிப்பு, பொண்ணுங்களுக்கும் கூடும், அந்தளவு இல்ல. ஆர்ஏவால நுரையீரல் கெடறதும் ஆம்பளைங்க கிட்ட அதிகம், அதனால இருமல், மூச்சு வாங்கறது இருந்தா உடனே சொல்லுங்க, சிகரெட்ட விட்டுட்டீங்கன்னா திரும்ப தொடாதீங்க.

---

நிலாமுற்றம்:

இவ்ளோ விளக்கமா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. பால் விஷயம் அக்காகிட்ட இன்னிக்கே சொல்லிட்டேன், அவ அதுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேன்னு உக்காந்திருந்தா. மாமியார்கிட்ட நீங்க சொன்னத சொன்னேன், அப்ப ரெண்டு கையிலயும்தானே பாத்திரம் தேய்க்கறான்னு கேக்கறாங்க 😄

ரெண்டு கேள்வி. அக்காவுக்கு ஆர்ஏ ஃபேக்டர்ங்கற ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு லேப்ல சொல்லிட்டாங்க, அப்ப இது முடக்குவாதம் இல்லையா? நானும் இப்பவே டெஸ்ட் எடுத்து வெச்சுக்கட்டுமா, எனக்கு இப்போதைக்கு எந்த வலியும் இல்ல.

---

ராத்திரி ட்யூட்டி:

மாமியார் நல்லா வாதாடறாங்க.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னா இல்லன்னு அர்த்தம் கிடையாது. முடக்குவாதம் இருக்கறவங்கள்லயே 100ல 20 30 பேருக்கு அது நெகட்டிவாதான் இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு, வயசானவங்க, ஹெபடைட்டிஸ் சி இருக்கறவங்க, இவங்கள்ல சிலருக்கு முடக்குவாதமே இல்லாம பாசிட்டிவ் வரும். அக்காவுக்கு ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர், அதே மாதிரி அழற்சிய காட்டற சிஆர்பி பாக்கணும், எல்லாத்தையும் விட முக்கியம் யாராவது அந்த மூட்டத் தொட்டு அமுக்கிப் பாக்கணும், வீக்கம் மெத்துன்னு இருக்கா எலும்பு மாதிரி கெட்டியா இருக்காங்கறது விரல்லயே தெரியும். தேவைன்னா அல்ட்ராசவுண்ட். சீக்கிரம் ரூமட்டாலஜிஸ்ட்ட பாக்கச் சொல்லுங்க, முதல் சில மாசத்துல மருந்து ஆரம்பிச்சா எலும்பு அரிக்கறத பெருமளவு தடுக்கலாம், பெரியம்மா காலத்துல இருந்த நிலைமை இப்ப இல்ல. வெறும் வலி மாத்திரைல ஓட்டினா வலிதான் குறையும், உள்ள அரிக்கறது நிக்காது.

உங்களுக்கு வலி இல்ல வீக்கம் இல்லன்னா டெஸ்ட் வேணாம். கூடப்பிறந்தவங்களுக்கோ பெத்தவங்களுக்கோ இருந்தா ரிஸ்க் சுமார் 3 மடங்கு, கேக்க பயமா இருக்கும், ஆனா அடிப்படையே நூத்துல ஒண்ணு தேறாது, அத மூணால பெருக்கினாலும் நூத்துல ரெண்டு மூணுதான். உங்க வீட்டுல ஒண்ணுக்கு மேற்பட்டவங்களுக்கு இருக்கறதால கொஞ்சம் கூட வெச்சுக்கோங்க, அப்பவும் வராம இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். சும்மா டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் வந்தா எப்ப வரும் எப்ப வரும்னு உக்காந்துட்டு இருப்பீங்க. புகை வேணாம், பக்கத்துல யாராச்சும் ஊதினாலும் வேணாம். ஈறு வீங்கி ரத்தம் வந்தா பல் டாக்டர பாருங்க, ஈறு நோய்க்கும் அந்த ஆன்டிபாடிக்கும் தொடர்பு இருக்குன்னு ஆதாரம் சேந்துகிட்டு வருது. காலைல கை இறுகி அரை மணி ஒரு மணி நேரத்துக்கு மேல விடாம, அது சில வாரம் தொடர்ந்துச்சுன்னா அப்ப வாங்க.

---

அரைத்தூக்கம்:

ஒண்ணு விட்டுப் போச்சு. பால் நிறுத்தின அப்புறம் அக்காவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதினாங்கன்னா அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடற மாத்திரை, தினம் போட்டா ஆபத்து. எந்தக் கிழமைன்னு முடிவு பண்ணி சீட்டுலயே பெருசா எழுதி வாங்கிக்கோங்க, மெடிக்கல் ஷாப்ல பேசி தெரிஞ்சுக்கலாம்னு விடாதீங்க. கூட ஃபோலிக் ஆசிட் குடுப்பாங்க, அதையும் விடக் கூடாது.

---

பழைய சைக்கிள்:

ஆம்பளைங்க யாராச்சும் இத படிச்சா, ஆர்ஏவுக்கு குடுக்கற சல்ஃபாசலசின் மாத்திரை சாப்பிடும்போது விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினா சில மாசத்துல பழையபடி ஆயிடும். குழந்தைக்கு ட்ரை பண்றவங்க டாக்டர்கிட்ட வாய தொறந்து சொல்லுங்க. என்கிட்ட அத யாரும் கேக்கல, லேடீஸ் பேஷன்ட்டுன்னா எப்ப குழந்தைன்னு ஒவ்வொரு விசிட்லயும் கேப்பாங்களாம்.